பந்தி பிரிக்காத பாரதி

கோவில்பட்டியிலிருந்து கிழக்கே சுமார் 15 கிலோமீட்டர் சென்றால் எட்டயபுரம் வருகிறது. வழி நெடுகிலும் கரிசல் காடு. மழை பெய்தால் வைத்த காலை எடுக்க முடியாத களி. வெயில் ஏறினால் கை நுழையும் அளவுக்கு வெடித்துக் கிடக்கும் பாளம். பருத்தியும் கம்பும் சோளமும் உளுந்தும் வானத்தை நம்பி விளைகிற பூமி. சீறாப்புராணம் பாடித் தந்த உமறுப் புலவர் அவர்கள் அடங்கியிருப்பது இவ்வூரில்தான். எட்டயபுரம் அரண்மனைப் புலவர் கடிகைமுத்துப் புலவரிடம் தமிழ் படித்து, அவருக்குப் பின் அதே அரண்மனையில் புலவராக வீற்றிருந்தவர் அவர். அவருடைய அடக்கத்தலத்தின்மீது நினைவுக் கட்டடம் எழுப்பியவர் கோனார் குலத்து அன்பர் ஒருவர். அதனால் நம்மவர்கள் ஜியாரத்துக்காக அவ்வூருக்குப் போய் வருவது நெடுநாளைய வழக்கம்.

ஆனால் இம்மாதம் நாம் எழுத எடுத்துக்கொண்டிருப்பது உமறுப் புலவரைப் பற்றியன்று. அதே ஊரில் பிறந்த மற்றொரு புலவரைப் பற்றி. நாடறிந்த பெயர்தான். சுப்பிரமணிய பாரதியார்.

சக்தியை வழிபட்ட ஓர் அந்தணருடைய வரலாறு மார்க்கப் பத்திரிகையில் எதற்கு என்று நேயர்கள் சிலர் கேட்கக் கூடும். கேட்பது நியாயமே. அவருடைய வணக்கமுறை வேறு, நம்முடைய தவ்ஹீது வேறு; அதை மறைத்து எழுத நமக்கு விருப்பமில்லை. லாகிரிப் பழக்கமும் அவரிடம் இருந்தது. அதையும் நாம் புகழ வரவில்லை. நாம் பேச வந்தது ஒரே ஒரு விஷயம். மனிதனை மனிதன் தீண்டக் கூடாது என்ற விதியை நூலாகவும் சட்டமாகவும் வைத்திருந்த ஒரு வீட்டில் பிறந்தவர், தம் சொந்த வீட்டு வாசலிலும் சாப்பாட்டு இலையிலும் அந்த விதியை எவ்வாறு முறித்தார், அதற்கு என்ன விலை கொடுத்தார் என்பதே அது. நாளைக்கு ஐந்து முறை தோளோடு தோள் சேர்ந்து ஸஃபில் நிற்கிற நமக்கு, தொழுகை முடிந்து வீடு திரும்பிய பின் இலை போடும் நேரத்தில் அவருடைய நினைவு வருவது நல்லது என்று தோன்றிற்று.

எட்டயபுரத்துப் பிள்ளை

1882ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் சின்னச்சாமி ஐயருக்கும் இலட்சுமி அம்மாளுக்கும் மகனாகப் பிறந்தார். வீட்டில் அழைத்த பெயர் சுப்பையா. ஐந்து வயதில் தாயை இழந்தார். தந்தையார் ஜமீன் அரண்மனையில் மதிப்புப் பெற்றவர். இயந்திரங்களில் மோகம் கொண்டவர். கரிசலில் விளையும் பருத்தியை நம்பி எட்டயபுரத்தில் பஞ்சு அரைக்கும் ஆலை ஒன்று நிறுவினார். அந்த முயற்சி நொடித்துப் போயிற்று. பணமும் போய், மனமும் உடைந்து, 1898இல் அவர் காலமானார். பதினோரு வயதிலேயே எட்டயபுரத்துப் புலவர் சபையில் பாரதி என்ற பட்டம் பெற்ற பிள்ளை, பதினாறு நிரம்புமுன் திக்கற்று நின்றது. அதற்கு முந்திய ஆண்டிலேயே கடையத்தைச் சேர்ந்த செல்லம்மாள் என்ற ஏழு வயதுச் சிறுமியை அவருக்கு மணம் முடித்து வைத்திருந்தார்கள். அக்கால வழக்கம் அப்படி.

அவர் வளர்ந்த சீமை எப்படி இருந்தது என்பதையும் சொல்ல வேண்டும். கழுகுமலை அப்போது எட்டயபுரம் ஜமீனைச் சேர்ந்தது. அவ்வூர்த் தேரோடும் வீதியில் நாடார் சமூகத்தார் ஊர்வலமாகச் செல்லலாமா கூடாதா என்ற வழக்கு முற்றி, 1895ஆம் ஆண்டு பங்குனித் திருவிழாவில் பெருங் கலகமாக வெடித்துப் பல உயிர்களைக் குடித்தது. 1897இல் கமுதிக் கோயிலுக்குள் நாடார் சிலர் நுழைந்தார்கள் என்று வழக்குத் தொடுக்கப்பட்டது. அது இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1908இல் அவர்களுக்கு எதிராகவே முடிந்தது. 1899இல் சிவகாசிக் கலகம். கடையும் வணிகமும் செல்வமும் உடைய ஒரு சமூகத்துக்கே தெருவும் கோயிலும் மறுக்கப்பட்ட காலம் அது. அவர்களுக்கும் கீழே வைக்கப்பட்டு, ஊருக்கு வெளியே குடியிருந்து, பிறர் நிலத்தில் பருத்தி எடுத்துப் பிழைத்த மக்களின் நிலையை எழுதவும் வேண்டுமா? கழுகுமலையில் இரத்தம் சிந்தியபோது பாரதியாருக்கு வயது பன்னிரண்டு. திருநெல்வேலி இந்துக் கல்லூரிப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்தார்.

காசியில் தனி இலை

தந்தை இறந்தபின் காசியில் இருந்த அத்தை குப்பம்மாள் அவரை அழைத்துக்கொண்டார். அத்தையின் கணவர் கிருஷ்ண சிவன் ஆசாரம் தவறாத சைவர். மடம் வைத்து நடத்தியவர். அங்கே பாரதியார் வடமொழியும் இந்தியும் கற்றார். கற்றதோடு நிற்கவில்லை. குடுமியை எடுத்தார், மீசை வளர்த்தார், தலைப்பாகை கட்டினார். தென்னாட்டு அந்தணப் பிள்ளை மீசை வைப்பது அந்நாளில் சிறு குற்றமன்று. அத்தையின் கணவருக்குக் கோபம் வந்துவிட்டது. தம்முடன் ஒரே பந்தியில் உட்கார்ந்து உண்ணக் கூடாது என்று ஒதுக்கி வைத்துவிட்டார்.

நாம் படித்தவரையில், பாரதியார் வாழ்க்கையில் பந்தி என்ற பேச்சு முதன்முதலில் வருவது இவ்விடத்தில்தான். தாம் பிறந்த குலத்தாரே, தாம் உண்டு வளர்ந்த வீட்டாரே, ஒரு மீசைக்காக அவரைத் தனி இலைக்கு அனுப்பினார்கள். ஒரு திருவாதிரை நாளில் தேவாரம் பாட ஓதுவார் வராமல் போகவே, இவரையே பாடச் சொல்ல, அவர் உருகிப் பாடியதைக் கேட்டு அந்தப் பெரியவர் மனம் இளகிச் சேர்த்துக்கொண்டாராம். எல்லோருக்கும் அப்படித் தேவாரம் பாடித் திரும்பிவர வாய்ப்புக் கிடைப்பதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தனி இலை கூட இல்லாமல், கைகளைக் குவித்து ஏந்தி, மேலிருந்து ஊற்றிய கஞ்சியைக் குடித்தவர்கள் எத்தனை இலட்சம் பேர்!

1902இல் எட்டயபுரம் திரும்பி ஜமீன்தாரிடம் வேலையில் இருந்தார். 1904இல் மதுரை சேதுபதி உயர்நிலைப் பள்ளியில் மூன்று மாதம் தமிழாசிரியர். அவ்வாண்டின் இறுதியிலேயே சென்னை சென்று, ஜி. சுப்பிரமணிய ஐயரின் சுதேசமித்திரனில் உதவி ஆசிரியராக அமர்ந்தார். 1905இல் காசிக் காங்கிரசுக்குப் போய்த் திரும்பும் வழியில், கல்கத்தாவுக்கு அருகே நிவேதிதை அம்மையாரைச் சந்தித்தார். மனைவியை ஏன் அழைத்து வரவில்லை என்று அந்த அம்மையார் கேட்ட கேள்வி அவரை உலுக்கியதாகச் சொல்வார்கள். அது பெண்களைப் பற்றிய கேள்வி. ஆயினும் வீட்டுக்குள் ஒருவருக்கு ஒரு நீதி, மற்றவருக்கு வேறு நீதி என்று வைத்துக்கொண்டு, வெளியே சமத்துவம் பேச முடியாது என்பது அன்றே அவருக்கு உறைத்திருக்க வேண்டும் என்பது நம் எண்ணம்.

‘இந்தியா’ வாரப் பத்திரிகையை நடத்திய நாளில் நடந்த ஒன்றை நம் நேயர்களுக்குச் சொல்லாமல் விடக் கூடாது. மராட்டிய சிவாஜி தம் படைக்குச் சொல்வதாக 1906இல் ஒரு செய்யுள் எழுதி வெளியிட்டார். அதில் முஸ்லிம்களைக் குறித்துக் கடுமையான சொற்கள் விழுந்திருந்தன. அக்காலத்து அரசனின் வாய்மொழியாக எழுதியதே தவிர முகமதிய சகோதரர்களைப் புண்படுத்தும் எண்ணம் தமக்கில்லை என்று விளக்கமும் வருத்தமும் தெரிவித்தார். விளக்கம் போதுமா போதாதா என்பது அவரவர் மனத்தைப் பொறுத்தது. நமக்கு அந்தச் செய்யுள் இன்றும் பிடிக்காதுதான். ஆனால் சொல்லிவிட்டு ஒளிந்துகொள்ளாமல், தவறு பட்ட இடத்தில் நின்று பதில் சொல்கிற குணம் அவரிடம் இருந்தது. பின்னால் கடையத்திலும் அதைக் காணப் போகிறோம்.

புதுச்சேரியில் இட்ட பூணூல்

1908இல் வெள்ளை அரசாங்கத்தின் பிடி இறுகவே பிரெஞ்சு ஆட்சியில் இருந்த புதுச்சேரிக்குச் சென்றார். பத்தாண்டு அங்கே வாழ்ந்தார். வறுமை, ஒற்றர் தொல்லை, பத்திரிகைக்குத் தடை. அரிய நூல்கள் பல பிறந்ததும் அங்கேதான். சாதி இல்லை என்று குழந்தைக்குச் சொல்லிக் கொடுக்கும் பாப்பாப் பாட்டை இன்று பள்ளிக்குப் போகும் பிள்ளைகள் எல்லோரும் அறிவார்கள். நம் மக்தபுப் பிள்ளைகளும் அறிவார்கள். ஆனால் பாட்டு எழுதுவது எளிது. பாட்டின்படி வீட்டை வைத்துக்கொள்வதுதான் கடினம்.

அந்த வீட்டுக்குள் யாரும் வரலாம். வந்தவர் என்ன குலம் என்று பார்த்து இடம் ஒதுக்குவதில்லை. பின்னாளில் பாரதிதாசன் என்று பெயர் பெற்ற கனக சுப்புரத்தினமும் அங்கே வந்து போனவர்தான். தாழ்த்தப்பட்ட வகுப்பில் பிறந்த கனகலிங்கம் என்ற இளைஞரும் அப்படி வந்தவர். அவருக்குப் பாரதியார் முறைப்படி உபநயனம் செய்வித்துப் பூணூல் அணிவித்து, காயத்ரி மந்திரமும் உபதேசித்தார். அந்த மந்திரத்தைச் சூத்திரன் காதில் விழச் செய்வதே பாவம் என்று எழுதி வைத்திருந்த சமூகத்தில், ஊரறிய நடந்த காரியம் அது. கனகலிங்கம் பின்னாளில் தம் குருநாதரைப் பற்றி ஒரு நூலே எழுதியிருக்கிறார்.

இவ்விடத்தில் நமக்கு ஒரு கேள்வி எழுகிறது. பூணூல்தான் உயர்வு தாழ்வுக்கு அடையாளம் என்றால், உள்ள பூணூலைக் கழற்றி எறிவதல்லவா முறை? இல்லாதவனுக்கும் ஒன்று போடுவது எப்படிச் சமத்துவம் ஆகும்? ஒருவனை உயர்த்த அவனையும் அந்தணனாக்க வேண்டுமென்றால் அந்தணனே உயர்ந்தவன் என்று ஒப்புக்கொண்டதாகாதா? கேள்வி சரியானதே, அவர் காலத்திலும் பின்னரும் பலர் கேட்டிருக்கிறார்கள். நம் மார்க்கம் இந்தச் சிக்கலுக்கே இடம் வைக்கவில்லை. கலிமாச் சொன்னவனுக்கு அணிவிக்கத் தனி நூல் ஏதுமில்லை. அவனுக்குப் பின்னால் நின்று அரபியும் தொழலாம், அஜமியும் தொழலாம். ஆனால் பாரதியார் தம் மார்க்கத்தை விட்டு வெளியேறி நின்று பேசியவரல்லர். அதற்குள்ளேயே நின்று, அதன் பூட்டை அதன் சாவியைக் கொண்டே திறக்கப் பார்த்தார். கொடுமை தாளாமல் தாழ்த்தப்பட்ட மக்கள் கிறிஸ்தவத்துக்கும் இஸ்லாத்துக்கும் செல்வது கண்டு வருந்தியும் எழுதியிருக்கிறார். அந்த வருத்தத்தில் நமக்குப் பங்கில்லை. எனினும், போனவர்களைத் திட்டாமல், போக வைத்தவர்களை அவர் திட்டினார். அதை நாம் மதிக்கிறோம்.

இவையெல்லாவற்றிற்கும் விலை கொடுத்தவர் அவர் மட்டுமன்று. சாதிக்கட்டை மீறிய வீட்டுக்கு உறவினர் வரமாட்டார்கள். நல்லது கெட்டதுக்கு அழைக்கமாட்டார்கள். அதை நாள்தோறும் தாங்க வேண்டியவர் அடுப்படியில் இருந்த செல்லம்மாள். தங்கம்மாள், சகுந்தலை என்று இரண்டு பெண் மக்கள். பெண்ணைப் பெற்ற தாய்க்கு உறவு அற்றுப்போவது எவ்வளவு பெரிய அச்சம் என்பது நம் வீட்டுப் பெண்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வீட்டில் அரிசி இல்லாத நாளிலும் விருந்தாளிக்குக் குறைவில்லை. கணவரோடு பூசல்கள் இருந்தும், வந்தவர்களுக்கு அன்னமிட்டது அந்த அம்மையாரின் கைதான். சரித்திரம் எழுதுகிறவர்கள் இதை ஒரு வரியில் கடந்து போய்விடுகிறார்கள்.

கடையமும் பொட்டல்புதூரும்

1918 நவம்பரில் புதுச்சேரியை விட்டு வெளியே காலெடுத்து வைத்ததும் கடலூருக்கு அருகே கைது செய்யப்பட்டார். டிசம்பரில் விடுதலையாகி, மனைவியின் ஊராகிய கடையத்துக்கு வந்து சேர்ந்தார். மேற்குத் தொடர்ச்சி மலையடிவாரத்துச் சிற்றூர் அது. சுமார் இரண்டாண்டு அங்கே இருந்தார். அக்கிரகாரத்தார் அவரைத் தங்களில் ஒருவராக ஏற்றுக்கொள்ளவில்லை. உதவி வேண்டி 1919இல் எட்டயபுரம் ஜமீன்தாருக்குச் செய்யுளில் கடிதம் எழுதினார், பயனில்லை.

கடையத்திலிருந்து நடந்து போகும் தூரத்தில் இருக்கிறது பொட்டல்புதூர். முஹ்யித்தீன் அப்துல் காதிர் ஜீலானி (ரஹ்) அவர்களின் பெயரால் அமைந்த தர்காவுக்குப் பெயர் பெற்ற ஊர். கந்தூரி நாளில் இந்துச் சகோதரர்களும் பெருந்திரளாக அங்கே கூடுவார்கள். தர்கா வழக்கங்களைக் குறித்து நம்மிடையே பலவகைக் கருத்துகள் உண்டு. அது இங்கே பேச்சன்று. அவ்வூரில் முஸ்லிம்கள் கூடிய சபையில் பாரதியார் இஸ்லாத்தின் மகிமையைப் பற்றி உரையாற்றினார். பெருமானார் (ஸல்) அவர்களின் உறுதியையும், ஏக இறைவன்மீது அவர்கள் வைத்த நம்பிக்கையையும் வியந்து பேசினார். அவ்வுரை சுதேசமித்திரனில் அச்சாயிற்று. அல்லாஹ்வைப் போற்றி அவர் பாடிய பாட்டும் உண்டு. தம் சொந்தச் சாதியார் வாசலில் சேர்க்கத் தயங்கிய மனிதருக்கு, முஸ்லிம்கள் மேடை கொடுத்துக் காது கொடுத்துக் கேட்டார்கள். நம் முன்னோர் செய்த நல்ல காரியங்களில் இதையும் நாம் எழுதி வைத்துக்கொள்ளலாம்.

1920இல் ‘ரயில்வே ஸ்தானம்’ என்று ஒரு கதை எழுதினார். தென்காசி இரயில் நிலையத்தில் ஒரு முஸ்லிம் வாலிபரைச் சந்தித்ததாகக் கதை. அவ்வாலிபருக்கு மூன்று மனைவியர். மூவரும் சகோதரிகள் என்று எழுதிவிட்டார். இரு சகோதரிகளை ஒரே காலத்தில் மணப்பது நம் ஷரீஅத்தில் ஹராம் என்பதைச் சிறு பிள்ளையும் அறியும். முஸ்லிம் நண்பர் ஒருவர் இதை அவருக்கு எடுத்துச் சொன்னார். பாரதியார் வாதாடவில்லை. கதைதானே, போகட்டும் என்று விட்டுவிடவுமில்லை. பிழையை ஒப்புக்கொண்டு திருத்தத்தை எழுதி வெளியிட்டார். பிற சமயத்தாரின் வீட்டு முறையைத் தவறாக எழுதிவிட்டால் திருத்த வேண்டும் என்ற எண்ணம் இன்றைய எழுத்தாளர்கள் எத்தனை பேருக்கு வருகிறது?

அவ்வாண்டின் இறுதியில் மறுபடியும் சென்னை சென்று சுதேசமித்திரனில் சேர்ந்தார். 1921இல் திருவல்லிக்கேணிக் கோயில் யானை தள்ளி விழுந்து காயமுற்றார். அதிலிருந்து தேறி, ஜூலை இறுதியில் ஈரோட்டுக் கருங்கல்பாளையத்துக்குப் போய்ப் பேசிவிட்டும் வந்தார். பிறகு வயிற்றுக் கடுப்பு நோய் கண்டது. செப்டம்பர் 11ஆம் நாள் நள்ளிரவு கடந்து உயிர் பிரிந்தது. வயது 39 கூட நிறையவில்லை. உடன் சென்றவர்கள் இருபது பேருக்கும் குறைவு என்பார்கள்.

அவர் இறந்த சில ஆண்டுகளுக்குள் நடந்த ஒன்றைச் சொன்னால், அவர் வீட்டுப் பந்தியின் மதிப்புத் தெரியும். புதுச்சேரியில் அவருடன் இருந்த வ.வே.சு. ஐயர், நாட்டுக்காக உயிரையும் கொடுக்கத் துணிந்தவர், பெரிய அறிஞர். சேரன்மாதேவியில் தேசியக் குருகுலம் ஒன்றை நிறுவினார். எல்லாச் சாதிப் பிள்ளைகளும் சேர்ந்து படிக்க வேண்டிய அந்த இடத்தில், அந்தணப் பிள்ளைகள் இருவருக்கு மட்டும் தனியே உணவு பரிமாறப்பட்டது. பெற்றோர் கேட்டுக்கொண்டார்கள் என்பது காரணம். பெரியார் ஈ.வெ.ரா.வும் வரதராஜுலு நாயுடுவும் எதிர்த்து நின்றார்கள். தமிழ்நாட்டுக் காங்கிரசே ஆட்டம் கண்டது. இரண்டே இரண்டு இலை! வெள்ளைக்காரனை எதிர்த்துத் துப்பாக்கி தூக்கத் துணிந்த நெஞ்சத்துக்கும் அந்த இரண்டு இலைகளை எடுத்துப் பொதுப் பந்தியில் போடுவது எளிதாக இருக்கவில்லை. நல்ல மனிதர்களையும் தடுக்கி விழச் செய்யும் கல் அது.

நம் வீட்டுக் குவளை

அதை எழுதிவிட்டு நம்மைப் பற்றி எழுதாமல் விட்டால் அது நேர்மையாகாது.

நாம் சிறு பிராயத்தில் வளர்ந்தது கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் கிராமம் ஒன்றில். பாட்டனார் பருத்தி வியாபாரி. ஐந்து வேளைத் தொழுகை தவறாதவர். ஜகாத்தைக் கணக்குப் பார்த்துக் கொடுப்பவர். பருத்தி எடுப்பதற்கு ஊருக்குக் கீழ்ப்புறத்துக் குடியிருப்பிலிருந்து ஆட்கள் வருவார்கள். கூலியில் ஒரு காசு குறைந்ததில்லை. ஆனால் கொல்லைப்புறத் திண்ணையின் மேல் ஓர் ஈயக் குவளை கவிழ்த்து வைக்கப்பட்டிருக்கும். அவர்களுக்குத் தண்ணீர் கொடுப்பது அதில்தான். அதை வேறு யாரும் எடுக்கமாட்டோம். ஏன் என்று யாரும் சொல்லிக் கொடுத்ததில்லை. சொல்லாமலே எங்களுக்குத் தெரிந்திருந்தது. ஊரிலே எல்லோர் வீட்டிலும் இருந்தது, எங்கள் வீட்டிலும் இருந்தது.

ஒரு ரபீஉல் அவ்வலில் மௌலிது ஓத வந்த ஆலிம்சா ஒருவர் அதைப் பார்த்துவிட்டார். அன்று பகல் சாப்பாட்டுக்குச் சஹன் வைத்தபோது, களத்தில் மூட்டை கட்டிக்கொண்டிருந்த பெரியவரைக் கூப்பிட்டுத் தம் பக்கத்தில் உட்கார வைத்து, அதே தட்டில் தம்முடன் உண்ணச் செய்தார். அந்தப் பெரியவர் கை நடுங்க உட்கார்ந்திருந்தார். சரியாகச் சாப்பிடக் கூட இல்லை. பாட்டனார் ஒன்றும் பேசவில்லை. அன்றிரவு ஆலிம்சா பயானில் அபூதர் (ரலி) அவர்களின் சம்பவத்தைச் சொன்னார். அபூதர் (ரலி) ஒருவரை அவருடைய தாயின் பெயரைக் கொண்டு இழிவாகப் பேசியபோது, அவரிடம் இன்னும் அறியாமைக் காலத்துக் குணம் மிச்சம் இருப்பதாகப் பெருமானார் (ஸல்) அவர்கள் கண்டித்தார்கள் என்றும், பணியாளர்கள் உங்கள் சகோதரர்கள், நீங்கள் உண்பதையே அவர்களுக்கும் உண்ணக் கொடுங்கள், உடுப்பதையே உடுக்கக் கொடுங்கள் என்று ஏவினார்கள் என்றும் விளக்கினார். பெண்கள் திரைக்குப் பின்னால் இருந்து கேட்டார்கள்.

மறுநாள் குவளை திண்ணையில் இல்லை. பத்துப் பதினைந்து நாள் சென்றது. பிறகு ஒரு நாள் அது பழைய இடத்திலேயே கவிழ்ந்து கிடந்தது. யார் கொண்டுவந்து வைத்தார்கள் என்று அப்போதும் யாரும் கேட்கவில்லை. நாமும் கேட்கவில்லை.

இதை ஏன் சொல்கிறோம் என்றால், தீண்டாமை இன்னொரு சமயத்தாரின் நோய் என்று எண்ணி நாம் நிம்மதியாக இருந்துவிடுகிறோம். மக்கா வெற்றியன்று கஅபாவின் மேல் ஏறிப் பாங்கு சொல்ல பிலால் (ரலி) அவர்கள் நிறுத்தப்பட்டதை மேடைதோறும் பேசுகிறோம். இறுதி ஹஜ்ஜில் அரபிக்கு அஜமியைவிட மேன்மை இல்லை என்று அறிவிக்கப்பட்டதைப் பேசுகிறோம். 1981 பிப்ரவரியில், இதே தென் சீமையில், மீனாட்சிபுரத்தில் தாழ்த்தப்பட்ட குடும்பங்கள் நூற்றுக்கும் மேற்பட்டவை இஸ்லாத்தைத் தழுவியபோது நாடே அதிர்ந்தது. டில்லியிலிருந்து தலைவர்கள் ஓடி வந்தார்கள். நம்மவர்கள் மகிழ்ந்தார்கள். மகிழ்ந்தவர்களில் எத்தனை பேர், அப்படி வந்தவர் வீட்டில் பெண் எடுக்கவோ பெண் கொடுக்கவோ முன்வந்தார்கள்? மரக்காயர், ராவுத்தர், லெப்பை என்று பார்த்து நிக்காஹ் பேசுவதும், நாவிதத் தொழில் செய்யும் நம் சகோதரருக்கு ஜமாஅத்தில் பின்வரிசை மனப்பான்மை காட்டுவதும் எந்தக் கிதாபில் இருக்கிறது?

பாரதியாருக்கு இப்படிப்பட்ட ஏவல் எதுவும் வீட்டிலோ ஊரிலோ கிடைக்கவில்லை. அவருக்குக் கற்பிக்கப்பட்டதெல்லாம் விலகி நில் என்பதுதான். அவர் அதை மீறிச் சேர்ந்து உட்கார்ந்தார். நமக்கோ சேர்ந்து உட்கார் என்பதே ஏவல். நாம் அதை மீறி விலகி நிற்கிறோம்.

எட்டயபுரத்தில் இன்று

தீண்டாமை எந்த வடிவிலும் கூடாது என்று 1950இல் நடைமுறைக்கு வந்த அரசியல் சட்டத்தின் 17ஆம் பிரிவு சொல்லிவிட்டது. 1955இல் அதற்கென்று தண்டனைச் சட்டம் வந்தது. 1989இல் அதனினும் கடுமையான வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் வந்தது. அப்படியும் தேநீர்க் கடைகளில் இரட்டைக் குவளை வைக்கும் வழக்கம் தென் மாவட்டங்களில் பல்லாண்டு நீடித்ததை நாமே கண்ணாரக் கண்டிருக்கிறோம்.

பாரதியாருக்கு எட்டயபுரத்தில் மணிமண்டபம் எழுப்ப வேண்டும் என்று கல்கி அவர்கள் முன்னின்று ஊரூராகப் பொருள் திரட்டினார். 1947 அக்டோபரில் இராஜாஜி அதைத் திறந்து வைத்தார். அன்று அந்தச் சிற்றூர் கொள்ளாத கூட்டம். இருபது பேர் கூட உடன் வராத மனிதருக்கு!

அவர் பிறந்த வீடும் நினைவு இல்லமாகப் பாதுகாக்கப்பட்டு வருகிறது. எளிய அக்கிரகாரத்து வீடு, தாழ்ந்த திண்ணை. பள்ளிப் பிள்ளைகள் வரிசையாக உள்ளே போய் வருகிறார்கள். கரிசல் காட்டுக் கிராமங்களிலிருந்து வரும் அந்தப் பிள்ளைகளில் யார் எந்தத் தெருவைச் சேர்ந்தவர் என்று வாசலில் யாரும் கேட்பதில்லை. நாம் போன அன்று வெயில் அதிகம். உள்ளே போய் வந்த ஒரு பிள்ளை தண்ணீர் கேட்க, ஆசிரியை தம் பாட்டிலை நீட்டினார்; அது வாய் வைத்துக் குடித்துவிட்டு அடுத்த பிள்ளையிடம் கொடுத்தது.

உமறுப் புலவர் ஜியாரத்துக்குச் செல்லும் நேயர்கள் அந்த வீட்டையும் பார்த்துவிட்டு வரலாம். இரண்டும் ஒரே ஊர்தான்.